சொன்ன நாளில் வந்தவர்கள்

அத்தியாயம் பதினொன்று

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது ஒரு நொடியில் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்த பிறகு அதே அலுவலகத்துக்குக் கடைசியாக ஒருநாள் போய்வருவதுதான் பெரும்பாடு. ஆனால் அன்று காலை இளையவளின் முகத்தில் அந்தப் பாடு எதுவும் தெரியவில்லை. பரீட்சை முடிந்த பிள்ளையைப் போல, கைப்பையைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள்.

வாரந்தோறும் இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு அவள் முன்னே இருந்த மூன்று வாசல்களும் நினைவிருக்கும். புதிதாக வந்து சேர்கிறவர்களுக்காக ஒரு சொல். இளையவள் கணினி நிரல் எழுதுகிறவள். ஒரு பெரிய நிறுவனத்தில், ஒரே நாற்காலியில் அமர்ந்து, அடுத்தவர் நினைத்ததை எழுதி எழுதியே முதல் நரை கண்டவள். அதே நாற்காலியில் இருந்துவிடலாம் என்பது முதல் வாசல். எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதுகிறவர்களை மேய்க்கும் குழுத்தலைவியாகலாம் என்பது இரண்டாவது. இரண்டையும் உதறிவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்பது மூன்றாவது.

அந்த மூன்றாவது வாசலைத் திறந்துவிட்டது, ஓய்வு நாள்களில் அவள் தானே உருவாக்கிய ஓர் ஆப். பழுதுபார்க்கும் சிறு கடைகளுக்கானது. யார் என்ன பொருளைக் கொடுத்தார், அதில் என்ன பழுது, எந்த நாளில் தருவதாகச் சொன்னோம் என்பதைக் கடைக்காரர் அதில் குறித்துக்கொள்ளலாம். சொன்ன நாளில் பொருள் கைமாறிவிட்டால் அந்த வரி பச்சையாகும். மாறாவிட்டால் சிவப்பாகும். யார் வேண்டுமானாலும் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். பழகும் காலம் முழுவதும் இலவசம். ஆறு கடைகள் அதைத் தினந்தோறும் பயன்படுத்தி வந்தன. அந்த ஆறு கடைகளை நம்பித்தான் அவள் ராஜினாமாவை எழுதினாள்.

கடைகளைப் பிடித்துக் கொடுத்தவர் அவள் கணவர். ஒரு கண்ணாடிக் கடையில் லென்சுகளைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிற வேலை அவருக்கு. வீட்டில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். மாமனார்கூட வாய் நிறைய அப்படித்தான் அழைப்பார்.

கடைகளுக்குத் தானும் வரட்டுமா என்று இளையவள் தொடக்கத்தில் பலமுறை கேட்டாள். "நீ வந்து நின்னா அவங்க மரியாதைக்கு நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க. நீ தள்ளி இருந்தாத்தான் உண்மை தெரியும்," என்று அவர் தடுத்துவிட்டார். அந்த நியாயம் அவளுக்கும் சரியாகவே பட்டது.

அன்று காலை கண்ணாடிக்காரர் வழக்கம்போல் அவளுடைய மூக்குக் கண்ணாடியை மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"இன்னிக்கே கடைசி நாளா இருக்கணுமா?"

"பின்னே? எனக்காக இன்னொரு நாள் புதுசா செஞ்சு வச்சிருக்காங்களா?"

"இல்ல, கொஞ்ச நாள் அதையும் பாத்துக்கிட்டு, இதையும் பாத்துக்கிட்டு..."

"இவ்வளவு நாளும் அப்படித்தானே இருந்தேன். ஆறு கடை ஓடும்போது ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னு நின்னா ரெண்டும் கெட்டுடும்."

'ஆறு' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு அதை மென்று விழுங்கிவிட்டு, கண்ணாடியை அவள் காதுகளில் மெல்ல மாட்டினார்.

சன்னலோரம் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அவள் அப்பா, பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலையைத் தூக்காமலே சொன்னார்: "நடுவழியில இறங்கினா அதே டிக்கெட்டுல திரும்ப ஏத்த மாட்டாங்க. அதை மட்டும் பாத்துக்கோ."

"நான் சொந்த பஸ் ஓட்டப் போறேம்ப்பா. எனக்கு எதுக்கு டிக்கெட்?"

அப்பா சிரிக்கவில்லை. நாளிதழை இன்னும் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். இளையவள் அதைக் கவனிக்கவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறவர்கள் பிறர் முகத்தை நின்று படிப்பதில்லை.

அலுவலகத்தில் அவளுடைய மேலாளருக்குச் 'சுருக்கம்' என்று பெயர். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "சுருக்கமா," என்பார். நல்ல மனிதர். பேனா மூடியைக் கடிப்பதைத் தவிர அவரிடம் பெரிய குறை எதையும் யாரும் கண்டதில்லை.

"சாயங்காலம் அடையாள அட்டையைத் திருப்பித் தர்ற வரைக்கும் நீங்க எங்க ஆள்தான்," என்றார் அவர். "அதுக்குள்ள மனசு மாறினா ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேப்பரை நான் இன்னும் மேல அனுப்பல."

"மாறாது சார். ஏன் மாறாதுன்னு காட்டட்டுமா? சுருக்கமாவே சொல்றேன்."

"இன்னிக்கு ஒரு நாள் நீங்க விரிவாவே சொல்லலாம்."

அவள் தன் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். திரை முழுவதும் பச்சை. ஐந்து கடைகளின் பெயருக்கு எதிரே ஐந்து பச்சைக் கோடுகள், கோடை வயலில் பாத்தி கட்டியதுபோல் நேராக ஓடின.

"ஆறு கடைன்னு சொன்னீங்க?"

"ஆறாவது ஒழுங்காப் பயன்படுத்தலை சார். ரிப்பேர் கடைன்னு மட்டும் போட்டிருக்காங்க. எப்பப் பார்த்தாலும் சிவப்பு. அதையும் சேர்த்தா படமே கெட்டுடும். அதனால தனியா ஒதுக்கிட்டேன். அளவு எடுக்கும்போது ஒண்ணு மட்டும் கோணலா நின்னா விட்டுடறதுதானே வழக்கம்?"

சுருக்கம் பேனா மூடியைக் கடித்தபடி பச்சைக் கோடுகளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"இந்த அஞ்சு கடையிலயும் ஒருத்தர்கூட லேட்டா வரலையா?"

"இல்லை சார். சொன்ன நாள்ல வந்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. அதுதான் இந்த ஆப்போட பலம்."

"என் பேன்ட் ஒண்ணு தையல் கடையில கிடக்கு. இடுப்பைத் தளர்த்தச் சொல்லிப் போன வருஷம் குடுத்தது. இப்பப் போனா இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொல்லணும். அந்த வெக்கத்துல போகவே இல்லை." அவர் சிரித்தார். "உங்க கடைக்கு வர்றவங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு சொல்லுங்க. அவ்வளவு நல்ல மனுஷங்க இருக்கிற இடத்துல நானும் வீடு பார்க்கிறேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டுதான் எழுந்து வந்தாள். ஆனால் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேன்ட் அவள் மனத்தில் ஒரு முள்ளாகத் தைத்துவிட்டது.

ஒருவர்கூடவா தாமதிக்கவில்லை? ஒருவருக்குக்கூடவா காய்ச்சல் வரவில்லை, வெளியூர்ப் பயணம் வரவில்லை, மறதி வரவில்லை?

அவள் பச்சைக் கோடுகளை விலக்கிவிட்டு, கடைக்காரர்கள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். தன் நிரலில் பிழை இருக்குமோ என்றுதான் தேடினாள். பிழை நிரலில் இல்லை.

செருப்புக் கடையில் எல்லாரும் ஜோடியாகவே கொடுத்திருந்தார்கள். ஒற்றைச் செருப்பு அறுந்து வந்தவர் ஒருவருமில்லை. குடைக் கடையில், மழையே காணாத மாதங்களிலும் நாள் தவறாமல் குடைகள் வந்திருந்தன. செருப்புக் கடை திறக்கும் வேளையில்தான் குடைக் கடையும் திறந்தது. இரண்டும் ஒன்றாகவே மூடின. அவள் அப்பா கண் மருத்துவரிடம் போன நாளில் இரண்டுக்கும் விடுமுறை.

அது தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பைகள் தைக்கும் கடையின் பக்கத்தைத் திறந்தாள். பழைய வரி ஒன்று, எழுதியவரே திரையில் அழித்தது, ஆப்பின் அடிப்பதிவில் மட்டும் மிச்சமிருந்தது.

'கறுப்புக் கைப்பை. ஜிப் மாற்ற வேண்டும். உணவுக்குப் பின்.'

முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. பை தைக்கிறவரின் கை அப்படி எழுதாது. நாளெல்லாம் மாத்திரை உறைகளின்மேல் எழுதிப் பழகிய கைதான், நினைவு தப்பிய ஒரு நொடியில் அப்படி எழுதும். அப்படிப்பட்ட கை ஒன்றை அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அவள் அக்காவின் மருந்துக் கடை, அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. மதிய இடைவேளை தொடங்கும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. போய் நின்றபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்கா இருமல் மருந்து ஒன்றை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு முன்னே, இருமலுக்குச் சொந்தக்காரர் நின்றார்.

"என்னடி இந்த நேரத்துல? கடைசி நாளுன்னு சீக்கிரமே துரத்திட்டாங்களா?"

"உனக்குப் பை தைக்கத் தெரியுமாக்கா?"

அக்காவின் கை உறையின்மேலேயே நின்றது.

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. ஜிப் மாத்தணும், உணவுக்குப் பின்."

"அதை அப்பவே அழிச்சேனேடி."

"மேலதான் அழியும். அடியில இருக்கும்."

இருமல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எத்தனை வேளைங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"மூணு வேளை. உணவுக்குப்..." என்று தொடங்கிய அக்கா, அந்தச் சொல்லை முடிக்காமல் உறையை அவரிடம் தள்ளினாள். "அதுல எழுதியிருக்குங்க."

அவர் போன பிறகு அக்கா தடுப்பின் சிறு திறப்பருகே குனிந்தாள். குரல் தணிந்துவிட்டது.

"கண்ணாடிக்காரர் தெருத் தெருவா அலைஞ்சார்டி. யாராவது திட்டி அனுப்பியிருந்தா அவருக்கும் ரோஷம் வந்திருக்கும். ஒருத்தரும் திட்டலை. உட்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், எல்லாம் தலைக்குள்ளயே இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா நீ வாசல்லயே நின்னுக்கிட்டு எத்தனை கடைன்னு கேட்டியாம். வாயில ஒண்ணுன்னு வந்துடுச்சாம்."

"ஒண்ணு எப்படி இத்தனை ஆச்சு?"

"நீ அந்த ஒண்ணுக்கே அவ்வளவு சந்தோஷப்பட்டியே."

இளையவள் தடுப்பின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் யாருக்கு எந்தக் கடை?"

"செருப்பும் குடையும் அப்பா. பையும் தையலும் நான். கடிகாரக் கடை அவரோடது."

"ஆறாவது?"

"அஞ்சுதானேடி? எனக்குத் தெரிஞ்சு அஞ்சுதான்."

அதுவும் அவராகத்தான் இருக்கும் என்று இளையவள் நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் ஒரு பொய் கூடினாலென்ன, குறைந்தாலென்ன?

"நான் வேலையை விட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ சொல்லிட்டு விடலையே. விட்டுட்டு வந்துதானே சொன்னே. கையில கேக் வேற. எங்க எல்லார் வாயிலயும் நீதான் ஊட்டினே. வாய் நிறைய கேக்கை வச்சுக்கிட்டு யாருடி அதைச் சொல்லுவா?"

காட்டில் ஒரு கரடி தேன்கடை வைத்த கதை ஒன்று உண்டு. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. கரடி தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அதன் உறவுக் கரடிகள் இலைகளைச் சுற்றிக்கொண்டும், கொம்பு கட்டிக்கொண்டும், ஒன்று மானாக, ஒன்று நரியாக வந்து தேன் வாங்கிப் போயின. வாங்கிய தேனை வீணாக்க மனமில்லாமல், பின்வாசல் வழியே வந்து அதே பானையில் ஊற்றிவிட்டுப் போயின. கடைக்காரக் கரடி பானையை எட்டிப் பார்த்தது. கூட்டமும் குறையவில்லை, தேனும் குறையவில்லை. இதைவிட நல்ல தொழில் உலகத்தில் உண்டா என்று, தான் குடியிருந்த குகையை ஒரு புலிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கடையிலேயே வந்து தங்கியது. இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகள் கொம்பு கட்டிய கரடிக்குச் சிரிப்பார்கள். குகையைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை.

இளையவள் தன் குகையை நோக்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். வழி நெடுக ஒரே கணக்கு. மாலை இன்னும் ஆகவில்லை. அடையாள அட்டை இன்னும் கழுத்தில் இருக்கிறது. பேப்பரை மேலே அனுப்பவில்லை என்று அவரே சொன்னார். வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். வெட்கம் என்ன, ஒரு வாரம் இருக்கும், போய்விடும்.

சுருக்கத்தின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"சார், சுருக்கமாச் சொல்றேன். நான் போகலை."

அவர் பேனாவை வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததில்லை.

"உக்காருங்க."

"இல்லை சார், நின்னே கேட்கிறேன்."

"நீங்க வெளிய போயிருந்தப்ப மேலேருந்து கூப்பிட்டாங்க. ஒவ்வொரு குழுவுலயும் ஒரு இடத்தை இன்னிக்கே எடுத்துடணும்னு உத்தரவு. யார் பேரைச் சொல்றதுன்னு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு." அவர் நிறுத்தினார். "அப்புறம் உங்க நினைப்பு வந்துச்சு. நீங்கதான் எப்படியும் போறீங்களேன்னு உங்க பேப்பரை அனுப்பிட்டேன். ஒருத்தர் வயித்துலயும் அடிக்காம முடிஞ்சுதேன்னு நிம்மதியாகூட இருந்துச்சு."

"அந்த இடம் இல்லேன்னா வேற இடம்? குழுத்தலைமைக்கு என்னைத்தானே முதல்ல கேட்டீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்னதும் அதைப் பக்கத்துக் குழு ஆளுக்குக் குடுத்தாச்சு. அவர் நாளைக்கு வந்து உக்காரப் போறார்."

"காலையில மனசு மாறினா சொல்லுன்னு சொன்னீங்களே சார்."

"மாறாதுன்னு சொன்னீங்களேம்மா."

அவர் அவளை 'அம்மா' என்று அழைத்தது அதுவே முதல்முறை. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். அதிலிருந்த புகைப்படத்தில், நரை விழாத ஒருத்தி, எல்லாம் தனக்குத் தெரியும் என்பதுபோல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாலை வெயில் சன்னல் வழியே சாய்ந்திருந்தது. அப்பா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, செல்போனைக் கண்ணுக்கருகே பிடித்து, ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். ஆப்பின் எழுத்துகளைப் பெரிதாக்கித் தரும்படி குடைக் கடையிலிருந்து கோரிக்கை வந்ததும், இரண்டு விடுமுறை நாள்களைச் செலவழித்து அவள் பெரிதாக்கிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. இப்போது அந்த எழுத்துகள் அறையின் இந்தக் கோடியிலிருந்தே தெரிந்தன. 'கம்பி உடைந்த குடை, நீலம்.'

"இன்னிக்கு எத்தனை குடைப்பா?"

அப்பாவின் விரல் நின்றது. செல்போனை நாளிதழுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். பிறகு அது வீண் என்று தெரிந்து, மடிமேலேயே வைத்துக்கொண்டார்.

"சீட்டு இல்லாமப் பயணம் பண்ணவங்க எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன்," என்றார் மெதுவாக. "பிடிபட்டதும் எல்லாரும் ஒரே மாதிரிதான் முழிப்பாங்க. நானும் அப்படித்தான் முழிக்கிறேனா?"

அவளால் கோபப்பட முடியவில்லை. அதுவே அவளுக்குக் கோபமாக வந்தது.

கண்ணாடிக்காரர் வந்தபோது வாசலிலேயே தெரிந்துகொண்டார். அக்கா தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார்.

"வேலை?" என்று கேட்டார்.

"இல்லை. திரும்பக் கேட்டேன். இடத்தையே எடுத்துட்டாங்க."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் வருவேன். நீ அந்தப் பச்சைக் கோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஒரே ஒரு வரியாவது சிவப்பா விட்டிருக்கலாமே. எங்கேயாவது ஒரு ஆள் மறந்துபோன மாதிரி."

"சிவப்பு வந்தா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." அவர் முடிக்கவில்லை.

"நான் நடத்தற கடைக்கு ஒருத்தரும் லேட்டா வரக்கூடாதுன்னு நானும் சொல்லிட்டேன்," என்றார் அப்பா, எல்லாப் பழியையும் அவர்மேல் போடவேண்டாம் என்பதுபோல்.

"கடிகாரக் கடையிலேருந்து மணியோசை கேட்டீங்களே. பொருள் கைமாறினதும் கிணிங்னு ஒலிக்கணும்னு. அதுக்கு ஒரு வாரம் உக்காந்தேன்."

"நீ சந்தோஷமா செஞ்சே. அதனால கேட்டேன்."

"ஒருத்தருக்கும் வேணாமாம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன்," என்றாள் இளையவள். "அழுது முடிச்சுட்டு அடுத்த நாள் வேலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதானே?"

கண்ணாடிக்காரர் அவளுடைய கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைப் பார்த்தார். துடைத்துத் தரக் கை நீட்டினார். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நீட்டிய கை வெறுமையாகவே திரும்பியது.

சிறிது நேரம் கழித்து, எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்ற முடிவோடு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஐந்து கடைகளையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மிஞ்சியது ஒன்று.

"இந்த ரிப்பேர் கடையையும் மூடிடறேன். இதுவும் உங்களோடதுதானே?"

"எது?"

"இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, மேசை விளக்கு. எப்பவும் சிவப்பாவே கிடக்குமே."

கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தலையை அசைத்தார்.

"நாங்க அந்த மாதிரி எதுவும் ஆரம்பிக்கலை," என்றார் கண்ணாடிக்காரர். "நான் போன எந்தத் தெருவுலயும் அப்படி ஒரு கடை இல்லை."

இளையவளின் விரல் அந்த வரியின்மேல் நின்றது. பிறகு, இத்தனை மாதங்களாகப் படத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பக்கத்தை முதல்முறையாக மேலிருந்து படித்தாள்.

'மேசை விளக்கு. சுவிட்ச் மாற்றியாயிற்று. வாங்க வரவில்லை.'

'ரேடியோ. சரியாகப் பாடுகிறது. இருமுறை அழைத்தேன். வரவில்லை.'

'இஸ்திரிப் பெட்டி. வீடு மாறிவிட்டார்களாம். எண் தெரியவில்லை.'

'மின்விசிறி. கொடுத்தவர் இறந்துவிட்டார். மகன் வேண்டாம் என்கிறார்.'

சிவப்பு, சிவப்பு, இடையிடையே ஒரு பச்சை, மறுபடியும் சிவப்பு. உண்மையான கடை இப்படித்தான் இருக்கும் என்று காலையில் ஒருவர் தன் பேன்ட்டை வைத்துச் சொல்லாமல் சொல்லியிருந்தார்.

கோரிக்கைகளுக்கான பெட்டியையும் திறந்தாள். பெரிய எழுத்து கேட்ட குடைக் கடைக்கும், மணியோசை கேட்ட கடிகாரக் கடைக்கும் இடையிடையே, அந்த ரிப்பேர் கடையிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 'வாங்க வராத பொருள்களை என்ன செய்வது? அவற்றுக்கு ஒரு தனி இடம் செய்து தர முடியுமா? கடையில் நிற்க இடமில்லை.' ஒவ்வொன்றுக்கும் கீழே, அவளே எழுதிவைத்த பதில் தானாகப் போயிருந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

ஐந்து பேர் கேட்கும்போது ஒருவர் கேட்பது காத்திருக்கலாம் என்று அவள் அப்போது முடிவு செய்திருந்தாள். வந்த ஒரே ஆளை, வராத ஐவருக்காகக் காக்க வைத்திருந்தாள்.

கடைசியாக வந்திருந்த செய்தி அன்று மதியம் அனுப்பியது.

'கணக்கை நீக்கிவிடவும். கடையை மூடுகிறேன். வராத பொருள்கள் பற்றிக் கேட்டிருந்தேன், பதில் கிடைக்கவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் இருக்கும். இதுவரை உதவியதற்கு நன்றி.' கீழே கடையின் தொலைபேசி எண்.

கண்ணாடிக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டார்.

"வேணாம். இப்பப் பேசி என்ன ஆகப் போகுது?" என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் எண்ணை அழுத்தினாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுக்க மாட்டார்கள் என்று வைக்கப் போன நேரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. பின்னணியில் எதையோ தரையில் இழுக்கும் ஓசை.

"சொல்லுங்க, ரிப்பேர் கடை."

இளையவள் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருங்க? பொருள் வாங்க வர்றீங்களா?"

அவள் 'இல்லை' என்று சொல்ல நினைத்தாள்.

"லேட்டாயிடுச்சேன்னு தயங்காதீங்க," என்றது அந்தக் குரல். திட்டுவதற்குக் காரணம் இருந்தும் திட்டாதவரின் குரல். "எல்லாத்தையும் எடுத்து வெளியதான் வச்சுட்டிருக்கேன். என்ன குடுத்துட்டுப் போனீங்க, சொல்லுங்க. தேடித் தர்றேன்."

இளையவள் திரையிலிருந்த சிவப்பு வரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். விளக்கு, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, செத்துப்போனவரின் மின்விசிறி. அவற்றில் எதைத் தன்னுடையது என்று சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் கடை இருக்காதுங்க," என்றது குரல். பிறகு, சற்றுப் பொறுத்து, "லைன்ல இருக்கீங்களா?"